சிரட்டைச் செவி: மந்திரக் கதைக்கு ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி செய்யும் முறை

போன கோடை விடுமுறையில் என் பேத்தி ஒரு மந்திரக் கதை எழுதத் தொடங்கினாள். பொருநை ஆற்றுக்கு அடியில் இன்னொரு பொருநை ஓடுகிறது. அதன் கரையில் பல்லிகளின் அரசாங்கம். தவறி அங்கே விழுந்த ஒரு சிறுமி, அரண்மனைப் பேச்சை ஒட்டுக்கேட்டால்தான் ஊர் திரும்ப வழி தெரியும். அதற்காகச் சிறுமியின் கையில் ஒரு மந்திரக் காதைக் கொடுத்தாள். சுவரில் வைத்தால் போதும், ஏழு கோட்டைக்கு அப்பால் பேசுவதும் அப்படியே கேட்கும்.

நாலாவது பக்கத்தில் கதை நின்றுவிட்டது. "தாத்தா, அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிட்டே. இனி என்னத்த எழுத?" என்று நோட்டை என் மடியில் போட்டாள்.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் 34 வருடம் தொலைபேசி லைன்மேனாக இருந்தவன். கம்பத்தில் ஏறியும், குழிக்குள் இறங்கியும், கம்பி வழியாக மனிதர்களின் குரல் எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே அவளிடம் சொன்னேன்: "முதல்ல நிசமாவே ஒரு காது செய்வோம், வாட்டி. அது எங்கெல்லாம் மக்கர் பண்ணுதோ, அதெல்லாம் உன் கதைக்கு விதி."

அந்தச் செவியை எப்படிச் செய்தோம், அதிலிருந்து மந்திரத்தை எப்படி எடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளோடு கதை கட்டுகிறவர்களும், பள்ளிக்கூடத்தில் நாடகம் போடும் ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் சிரட்டை. தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும். அந்தக் கண் உள்ள பாதிதான் வேண்டும், இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெல்லிசு. தென்னம்பிள்ளை முளைத்து வெளியே வருவது அந்த வழியாகத்தான். ஆணியால் குத்தினாலே அது திறந்துகொள்ளும். பிறகு அரத்தால் ராவி, கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். காதை வைப்பதும் வாயை வைப்பதும் இந்தத் துளையில்தான். சிரட்டையின் உள்பக்கம் தேங்காய்ப் பிசிறு இல்லாமல் சுரண்டி, ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். சரியாகக் காயாவிட்டால் இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாற்றம் வந்துவிடும்.

அடுத்து, சிரட்டையின் அகன்ற வாயில் ஒரு தோல் கட்ட வேண்டும். இங்கேதான் எங்களுக்கு ஒரு நாள் போனது. முதலில் பலூனை வெட்டிக் கட்டினோம். நூலை இழுத்ததும் ரப்பரும் கூடவே நீண்டுகொண்டு வந்தது, ஒலி முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. பழைய எக்ஸ்ரே படம் பரவாயில்லை, ஆனால் சுற்றிக் கட்ட மடங்க மாட்டேன் என்றது. கடைசியில் பட்டர் பேப்பர் இரண்டு தாளை மைதாப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் வாயில் போர்த்தி, விளிம்பில் பசை தடவி நூலால் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டினோம். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு டேப் ஒட்டுவது அவசியம், இல்லாவிட்டால் நூல் இழுக்கும்போது கிழிந்துவிடும். இவ்வளவுக்கு நேரம் இல்லாதவர்கள் ஒரு பேப்பர் கப்பின் அடியில் துளையிட்டு, அதைச் சிரட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். கேட்கும். ஆனால் பிள்ளைகளுக்குத் தோல் கட்டிய சிரட்டையைக் கையில் வாங்கும்போது வருகிற முகமலர்ச்சி அதில் வராது.

நூலுக்குத் தூண்டில் நரம்பு எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலும் ஆகும், ஒலி கொஞ்சம் மங்கும். பேத்தி பனைநாரில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாரை முடிச்சுப் போட்டுப் போட்டு நீட்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முடிச்சும் குரலில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பனைநாரைக் கதைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நரம்பின் நுனியை டேப்பின் நடுவே ஊசியால் உள்ளே விட்டு, ஒரு துண்டுத் தீக்குச்சியில் முடிந்துவிட்டால் வெளியே வராது. மறுநுனியை இதேபோல இன்னொரு சிரட்டைக்குக் கட்டுங்கள். பதினைந்து மீட்டர் நீளம் போதும். எங்கள் வீட்டுத் தார்சாவிலிருந்து கிணற்றடி வரை சரியாக இருந்தது.

இது ஒன்றும் புது வேலை இல்லை. இழுத்துக் கட்டிய கம்பி வழியாக ஒலியைத் தூரத்துக்கு அனுப்பிப் பார்த்ததை ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1665இல் வெளிவந்த தன் நூலின் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876இல். நான் உத்தியோகம் பார்த்த தொலைபேசியைவிட இந்த நூல் இருநூறு வருடத்துக்கு மேல் மூத்தது. அந்த மரியாதையோடுதான் அதைத் தொடுகிறேன்.

இனி, மக்கர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். என்ன தப்பு நடந்தாலும் பிள்ளை அதை எழுத வேண்டும். கதை அங்கேதான் இருக்கிறது.

நூல் தொய்ந்தால் ஒன்றுமே கேட்காது. விறைப்பாக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்க மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும். இதைக் கண்டதும் பேத்திக்கு முதல் விதி கிடைத்துவிட்டது: ஒட்டுக்கேட்பது தனி ஆளால் முடியாது. அரண்மனைக்குள் நூலின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கூட்டாளி வேண்டும். அவளுடைய சிறுமிக்கு ஒரு குட்டிப் பல்லி கூட்டாளியாக வந்தது அப்படித்தான். அதுவரை கதையில் அந்தப் பல்லியே கிடையாது.

நூலை எது தொட்டாலும் பேச்சு நின்றுவிடும். கொடியில் காயப்போட்ட துண்டு காற்றில் வந்து உரசினாலும் போச்சு. சுவர் மூலையில் வளைத்துக் கொண்டுபோனாலும் போச்சு. இதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. மூலையில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு சின்ன நூல் வளையத்தைத் தொங்கவிட்டு, அந்த வளையம் நம் நூலைத் தாங்கும்படி செய்தால் ஒலி திரும்பிப் போகும். கல்லைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கதையில் இது காவலர்களுக்குப் பெரிய வரம்: மந்திரமே தெரியாத ஒரு கிழட்டுக் காவல்காரப் பல்லி, நூல் இருக்கிறது என்றுகூட அறியாமல் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. உள்ளே முக்கியமான பேச்சு நடக்கிறது. சிறுமிக்கு ஒரு சத்தமும் வரவில்லை. இந்த இடத்தை எழுதும்போது பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

ஆடிக் காற்றில் செய்தால் இன்னொன்று தெரியும். நூல் தானாகப் பாடும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தந்திக்கம்பத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்போம். உள்ளே 'ஙொய்ங்' என்று ஓர் இரைச்சல் ஓயாமல் ஓடும். மெட்ராஸ்காரர்கள் பேசுவதுதான் அப்படிக் கேட்கிறது என்று எங்களில் ஒருவன் சத்தியம் செய்தான், நாங்கள் எல்லோரும் நம்பினோம். கம்பியில் காற்று மோதி அதிர்கிற ஒலி அது என்று வேலைக்கு வந்தபின்தான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் கதையில் அந்த இரைச்சலை விடாதீர்கள். யாருமே பேசாதபோது கருவி என்ன சொல்லும் என்பது நல்ல கேள்வி.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. நூல் ஒருவழிப் பாதை இல்லை. கிணற்றடியில் அவள் பேசுவது எனக்குக் கேட்கிற மாதிரியே, தார்சாவில் நான் இருமுவது அவளுக்குக் கேட்கும். எங்கள் வேலையிலும் அப்படித்தான். டெஸ்ட் போனை லைனில் மாட்டிவிட்டுப் பேசும் பக்கத்தை அடைக்க மறந்தால், பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நம் மூச்சுச் சத்தம் போகும். "யாருய்யா லைன்ல?" என்று கேட்டுவிடுவார்கள். ஒட்டுக்கேட்கிறவனும் கேட்கப்படுகிறான். இந்த ஒரு விதி போதும், எந்த அரண்மனைக் காட்சியையும் நடுங்க வைத்துவிடலாம்.

பிறகு மூன்றாவது நூல். இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் நூலின் நடுவில் இன்னொரு நூலை முடிந்து, அதன் நுனியிலும் ஒரு சிரட்டையைக் கட்டி, பக்கவாட்டில் விறைப்பாக இழுத்துப் பிடித்தால் மூன்றாவது ஆளுக்கும் பேச்சு முழுவதும் கேட்கும். உண்மையான ஒட்டுக்கேட்பு இதுதான். ஆனால் நூல் பிரிந்ததும் ஒலியும் பங்காகிவிடுகிறது. பழைய இரண்டு பேருக்கும் சத்தம் குறையும். பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாவது சிரட்டையை இழுத்ததும் பேத்தி கிணற்றடியிலிருந்து கத்தினாள்: "தாத்தா, ஒங்க கொரல் மெலிஞ்சிட்டு!" அன்று ராத்திரியே அது கதைக்குள் போய்விட்டது. பல்லி ராணி பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு மந்திரியிடம் சொல்கிறாள், "என் குரல் இளைத்திருக்கிறது. யாரோ அதில் ஒரு வாய் சாப்பிடுகிறார்கள்."

சொற்களுக்கு வருவோம். சிரட்டை வழியாக உயிரெழுத்துகள் நன்றாக வருகின்றன. ச, ஸ போன்ற சீறும் ஒலிகள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. மூடிய கதவுக்கு வெளியே நின்றாலும் இப்படித்தான்: குரல் யாருடையது, கோபமா அழுகையா என்று தெரியும், சொல் பிடிபடாது. சோதித்துப் பார்க்க ஒருவர் பத்துச் சொற்களைத் தனித்தனியாகச் சொல்ல, மற்றவர் கேட்டதை எழுத வேண்டும். நான் "சாவி" என்றேன். அவள் "ஆவி" என்று எழுதியிருந்தாள். "சாலை" என்றேன், "ஆலை" என்று எழுதியிருந்தாள். வாக்கியமாகச் சொன்னால் முன்பின் பார்த்து மனம் நிரப்பிக்கொள்ளும், தனிச் சொல்லில் அது முடியாது.

ஒரு சாவி ஆவியாகிவிட்டது என்றால் கதைக்கு வேறென்ன வேண்டும்? ராணி தேடுவது ஆற்று மதகின் சாவியை. சிறுமிக்குக் கேட்டதோ, ராணி ஓர் ஆவியைத் தேடுகிறாள் என்று. அந்த ஆவி தான்தான் என்று நினைத்துப் பயந்து அவள் ஓடுகிறாள். நாலாவது பக்கத்தில் நின்ற கதை பதினோராவது பக்கம் வரை ஒரே மூச்சில் ஓடியது இதனால்தான். பிழையாகக் கேட்டதைத் திருத்த என்ன வழி என்று அவள் கேட்டபோது, திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஆகவே சிறுமி ஒரே பேச்சை மூன்று இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்று ஆனது. ஒரே கருவிக்கு மூன்று பயணம் கிடைத்தது.

அரண்மனைக்காரர்களுக்கும் ஒரு தற்காப்பு கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் முட்டாள்களாகத் தெரிவார்கள். தொலைபேசிக் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். ஒரு ஜோடியின் பேச்சு பக்கத்து ஜோடிக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. அதற்கும் பெல்தான் 1881இல் காப்புரிமை பெற்றார். இதைச் சொன்னதும் பேத்தி யோசித்துவிட்டு எழுதினாள்: ராணியும் மந்திரியும் உயிர்போகிற ரகசியம் பேசும்போது வால்களை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வார்கள், அப்போது எந்தச் செவிக்கும் எட்டாது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே கண்டது.

வால் என்றதும் இன்னொன்று. நம் ஊரில் பல்லி சொன்னால் பலன் பார்ப்போம், அதாவது பல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நாம் ஏற்கெனவே நம்புகிறோம். அந்தப் பல்லி ஆபத்து வந்தால் வாலை உதிர்த்துவிடும். உதிர்ந்த வால் சற்று நேரம் துடிக்கும், எதிரி அதைப் பார்ப்பதற்குள் பல்லி போய்விடும். புது வால் வளர நாளாகும். கதையில் செவியின் நூலே அப்படி உதிர்ந்த வால்தான் என்று வைத்தோம். மாட்டிக்கொண்டால் அது அறுந்து விழுந்து துடிக்கும், துடித்தபடியே கடைசியாகக் கேட்ட சொல்லை உரக்கச் சொல்லும். அடுத்த வால் வளரும் வரை கருவி செவிடு. மந்திரத்தை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டாம், நம் வீட்டுச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கருவிக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். பேத்தி முதலில் காது வலிக்கும், தலை சுற்றும் என்றெல்லாம் எழுதினாள். அது போதாது என்று எனக்குப் பட்டது. அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன், அதை இங்கேயும் சொல்கிறேன்.

ஓர் ஐப்பசி மழை. காகிதம் சுற்றிய பழைய கேபிளின் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் ஒரு லைன் பேச்சு இன்னொன்றில் கேட்கும், கிராஸ் டாக் என்போம். பழுது எங்கே என்று பார்க்க டெஸ்ட் போனை மாட்டினேன். ஓர் அம்மா தன் தங்கையிடம் தனக்கு வந்திருக்கும் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிள்ளைட்ட சொல்லிராதட்டி, பரீட்ச முடியட்டும்" என்றார். உடனே கழற்றிவிட்டேன், ஆனால் கேட்டாயிற்று. மறுநாள் லைனைச் சரிபார்க்க அதே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பையன்தான் கதவைத் திறந்தான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, லைன் சரியாயிட்டா? அம்மா ராத்திரியெல்லாம் போன்லயே இருக்கா, என்னன்னே தெரியல" என்றான். "சரியாயிட்டு தம்பி" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொம்பு எவ்வளவு கனத்தது என்று என்னால் சொல்ல முடியாது.

பேத்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவளே விதியைச் சொன்னாள். செவி கேட்கும் ஒவ்வொரு ரகசியத்துக்கும் சிரட்டை ஒரு புளியங்கொட்டை அளவு கனம் கூடும். வேறு யாரிடம் சொன்னாலும் கனம் குறையாது, இரண்டு மடங்காகும். யாருடைய ரகசியமோ அவர் முன்னால் போய் நின்று, "நான் கேட்டுவிட்டேன்" என்று சொன்னால்தான் குறையும்.

அதனால்தான் எங்கள் வீட்டில் விளையாட்டுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். மூன்றாவது சிரட்டையை இழுக்கும் முன் நூலை ஒரு தடவை சுண்ட வேண்டும், பேசுகிறவர்களுக்கு 'டிங்' என்று கேட்கும். பெரியவர்கள் பேசும் பட்டாசலுக்குள், அதாவது கூடத்துக்குள், நூலைக் கொண்டுபோவதில்லை.

ஒட்டுக்கேட்கும் காட்சியை எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரகசியம் பேசுகிறவர்கள், ஒட்டுக்கேட்பவருக்குப் புரியட்டும் என்று விளக்கிப் பேச மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆகையால் பாதிதான் பேசுவார்கள். "மதகின் சாவியை அமாவாசைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் நம் நாடு மூழ்கிவிடும், மந்திரியாரே" என்று ராணி சொன்னால் அது நாடகம். பேத்தி கடைசியில் இப்படி எழுதினாள்:

"'அங்கேயும் இல்லையா?' ராணியின் குரல். பதில் இல்லை. ஏதோ உருளும் சத்தம். 'ஆவி...' என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். 'தண்ணி எத்தனை படி ஏறியிருக்கு?' 'ஏழு.' 'நேத்து?' 'நேத்து நாலு.' அதன்பின் வெகுநேரம் யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும். அது தன்னுடைய மூச்சு என்று சிறுமிக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது."

இதில் நான் ஓர் எழுத்தும் திருத்தவில்லை.

நூல் இல்லாத செவி வேண்டுமென்றால் நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்களைப் போய்ப் பாருங்கள். ஒரே கல்லில் குடைந்த தூண் கொத்து. ஒன்றைத் தட்டினால் இன்னொன்றும் சேர்ந்து அதிரும். தன் சுருதிக்கு மட்டும் பதில் சொல்லும் கல் காது ஒன்று கதையில் வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், அடுத்த விடுமுறைக்கு.

வேலை முடிந்ததும் நூலைத் தளர்த்தி, ஓர் அட்டையில் சுற்றி வையுங்கள். விறைப்பாகவே விட்டால் தாள் குழிந்துவிடும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துத் தொய்யும், அடுக்களையில் அடுப்புக்குச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் மறுபடி விறைக்கும். மைதாப் பசைக்கு எலி வரும், ஆகையால் உயரத்தில் மாட்டுங்கள்.

பேத்தி இப்போது பத்தொன்பதாவது பக்கத்தில் இருக்கிறாள். சாவிதான் என்று சிறுமிக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் சிரட்டையைத் தாங்கிக்கொண்டு ராணியின் வாசலில் நிற்கிறாள். தண்ணீர் பதினோராவது படிக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ராணி, "யாரது?" என்கிறாள்.